பூபாலன் செய்த ரீவொர்க்

ஒருவரிடம் ரத்தம் கேட்கலாம், ஓட்டுக் கேட்கலாம், கைமாற்றுக்கூடக் கேட்டுவிடலாம். மலம் கேட்பதுதான் சங்கடம். ஜெயப்பிரியா அதைத்தான் கேட்டாள். அதுவும் தான் பிறந்து வளர்ந்த ஆவடி பாக்டரி குவார்ட்டர்ஸில், தன்னைப் பாவாடை சட்டையில் பார்த்துப் பழகிய சனங்களிடம்.

"இன்னா பாப்பா, பி.எச்.டி. வரைக்கும் படிச்சிட்டு வந்து இத்தப் போயா கேக்குற?" என்றார் எதிர்வீட்டுத் துலுக்கானம். பாக்டரியில் பெயின்டர். அவள் நீட்டிய குட்டி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தினூண்டு டப்பால இன்னாத்த வைக்கிறது? நம்ப மரியாதி இன்னா ஆவுறது?"

மறுநாள் காலை அரை லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவோடு வந்து நின்றார். ஆராய்ச்சிக்கூடத்தில் அவளோடு வேலை பார்க்கும் ஷர்மிளா அதைத் திறந்துவிட்டு அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை.

ஜெயப்பிரியாவுக்கு வேலை பூந்தமல்லிப் பக்கம் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில். நோய் எதிர்ப்புச் செல்களைப் பற்றிய ஆராய்ச்சி. அதிலும் ஈசினோஃபில் என்கிற ஒரு வெள்ளணு. பெயர் நமக்குப் புதிதில்லை. விடாமல் தும்முகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் "ஈஸ்னோபீலியா இருக்கு" என்று டாக்டர் எழுதித் தருவாரே, அந்த ஆசாமிதான். வயிற்றில் புழு இருந்தாலும் இந்தச் செல்கள் ரத்தத்தில் பெருகும். புழுவோடு சண்டை போடத்தான் உடம்பு இவற்றை இப்படி வளர்க்கிறது.

எலிகளிடம் அவள் ஒரு விஷயத்தைப் பார்த்திருந்தாள். எலிக்கு ஒருவகைப் புழுவைக் கொடுப்பாள். அது பத்து நாள் வயிற்றில் தங்கிவிட்டுத் தானாகவே வெளியேறிவிடும். அப்படிப்பட்ட எலிகளுக்குப் புற்றுக்கட்டி வந்தால், மற்ற எலிகளைவிட மெதுவாகத்தான் வளர்ந்தது. புழுவை விரட்டக் கூடிய செல்கள் கட்டிக்குள்ளும் புகுந்து கலாட்டா செய்தன. இது மனிதனுக்கும் நடக்குமா? புழு உள்ளவர்களின் ரத்தத்திலிருந்து செல்களைப் பிரித்து, தட்டில் வளர்த்த புற்றுச் செல்களோடு விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

துறைத்தலைவி கலைவாணி மேடம் வளவளவென்று பேசுகிறவர் இல்லை. "எலிக்கு கேன்சர் வந்தா குணப்படுத்த உலகத்துல ஆயிரம் வழி இருக்கு ஜெயப்பிரியா. மனுஷ ரத்தத்துல காட்டு. இந்தத் தடவையும் ஒண்ணும் தெரியலைன்னா மூடிட்டு வேற வேலை பார்க்கலாம்" என்றார். ஐந்து வருட உழைப்பு. மூடுவதென்றால் அவளுக்குக் கடையை மூடுவது மாதிரியில்லை, கண்ணை மூடுவது மாதிரி.

அதனால்தான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். வீடுகளுக்குப் பின்னால் கால்வாயோரம் ஈரநிலம் கிடக்கிறது. வேலை முடிந்து வந்ததும் பாதி சனம் அங்கேதான் கீரை போடும். விளைகிற மண்ணில் செருப்புக் காலோடு இறங்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். கொக்கிப்புழுவுக்கோ உள்ளங்கால்தான் வாசற்படி. டப்பாக்களைப் பார்த்ததில் இருபது சொச்சம் பேருக்குப் புழு இருந்தது. அவளும் ஷர்மிளாவும் கைகோத்துக் குதித்தார்கள். மற்றவர்களுக்கு நோய் இருப்பதைப் பார்த்துக் குதிக்கிறோமே என்று பிறகுதான் வெட்கம் வந்தது.

ஒவ்வொருவருக்கும் ரகசியமாகப் போன் செய்தாள். "பயப்பட ஒண்ணுமில்ல. அடுத்த வாரத்துக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை சமூகக் கூடத்துல ரத்தம் எடுக்கிறேன், டப்பாவும் இன்னொண்ணு கொண்டு வாங்க. மாத்திரை நானே தர்றேன், ஒரே மாத்திரைல போயிடும்." செல் பிரிக்கும் இயந்திரம் அதற்கு முன்னால் காலியில்லை. கடைசிப் போன் பக்கத்து அறைக்குப் போனது. அங்கே அவள் அப்பா பூபாலன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"எனக்குமா கீது?" என்று போனிலேயே குசுகுசுத்தார். "அம்மாக்குச் சொல்லாத கண்ணு."

பூபாலனைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பாக்டரியில் தரம் பார்க்கும் பிரிவில் சார்ஜ்மேன். அவர் 'ஓகே' என்றால்தான் உருப்படி அடுத்த மேசைக்குப் போகும். வீட்டிலும் அதே பாஷைதான். சாம்பாரில் உப்புக் குறைந்தால் மனைவியிடம் "சுசீலா, ரீவொர்க்" என்பார். ஒரு தடவை ரிஜெக்ட் ஆன உருப்படியை அப்படியே மறுபடி மேசைக்குக் கொண்டுவருகிறவனை அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. குறையைச் சரிசெய்துவிட்டுத்தான், அதாவது ரீவொர்க் செய்துவிட்டுத்தான், இரண்டாம் தடவை காட்ட வேண்டும். முப்பது வருஷமாக அவர் கடைப்பிடித்த வேதம் அது.

மகள் போன் செய்த மறுநாளிலிருந்து ஒவ்வொருவராக அவரைத் தனியாக ஓரங்கட்டினார்கள். "அண்ணாத்தே, உன் பொண்ணு இப்டிச் சொல்லுது, மறுபடி வேற வரணுமாம், மானம் பூடும்போல கீதே." பூபாலன் யோசித்தார். யோசித்தது அவர் தப்பு.

ஞாயிற்றுக்கிழமை சமூகக் கூடம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. ரத்தம் கொடுக்க வந்த பெண்கள் தலை நிறையப் பூ வைத்திருந்தார்கள். ஆண்கள் சலவைச் சட்டை. சுசீலா இட்லியும் வடகறியும் பெரிய பாத்திரங்களில் கொண்டுவந்து இறக்கினாள். யார் முகத்திலும் கூச்சமே இல்லை. இரண்டாவது டப்பாவைக்கூடப் பரிசுக்கோப்பை கொடுப்பதுபோல நீட்டினார்கள். பூபாலன் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் தோளில் தட்டி உள்ளே அனுப்பினார். எங்கள் சனத்துக்கு விஞ்ஞானத்தின் மேல் இவ்வளவு ஆசையா என்று ஜெயப்பிரியாவுக்கு மனசு நெகிழ்ந்துபோனது. அப்பாவின் கையில் ஊசி போடும்போது அவர் கண்ணைச் சிமிட்டினார்.

அன்று மதியமே செல்களைப் பிரித்துப் புற்றுச் செல்களோடு சேர்த்துத் தட்டுகளை வெதுவெதுப்பான அலமாரிக்குள் வைத்தார்கள். இரண்டு நாள் அப்படியே கிடக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கப் புழுவே இல்லாத சிலருடைய ரத்தமும் இருந்தது, அதில் ஷர்மிளாவுடையதும் ஒன்று.

திங்கட்கிழமை டப்பாக்களைப் பார்த்தாள். முதல் ஆளுக்குப் புழு முட்டை இல்லை. சரி. இரண்டாம் ஆளுக்கும் இல்லை. மூன்றாம் ஆளுக்கும் இல்லாதபோது மைக்ராஸ்கோப்பைத் துடைத்தாள். ஐந்தே ஐந்து பேரைத் தவிர ஒருவருக்கும் புழு இல்லை. புழு உள்ளவர்களின் ரத்தம் என்று சொல்லி அவள் அலமாரியில் வைத்திருப்பது புழு இல்லாதவர்களின் ரத்தம்.

வீட்டுக்கு வந்தபோது பூபாலன் வாசலிலேயே காத்திருந்தார்.

"இன்னாம்மா, நம்ப ஆளுங்கல்லாம் பாஸா?"

"நைனா, முக்காவாசிப் பேருக்குப் புழுவே இல்ல."

"எப்டி இருக்கும்?" என்று அவர் நெஞ்சை நிமிர்த்தினார். "எல்லாம் நம்ப ரீவொர்க். நீ போன் பண்ண ரெண்டாம் நாளே மெடிக்கல்ல மாத்திரை வாங்கிகினு ஊடு ஊடாப் போயி, என் கண்ணு முன்னாடி முழுங்க வெச்சேன். ரிஜெக்ட் ஆன பீச அப்டியே மறுபடி உன்னாண்ட அனுப்புவேனா? உன் பேர் இன்னா ஆவுறது?"

ஜெயப்பிரியா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். மாத்திரை நானே தர்றேன் என்று எல்லோரிடமும் சொன்னவள், அதற்கு முன்னால் போட்டுக்கொள்ளாதீர்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதை எழுதியவர்களுக்குப் பூபாலனைத் தெரியாது.

"புழு இருக்கிற ரத்தம்தான் நைனா எனக்கு வேணும். அதுக்குத்தான் இவ்ளோ பாடும். அஞ்சு வருஷத்த ஒரே மாத்திரைல முடிச்சிட்ட." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

பூபாலனின் நெஞ்சு மெல்ல இறங்கியது. அடுப்படியிலிருந்து சுசீலா எட்டிப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் மாத்திரை குடுத்தீங்களே, உங்களுக்குமா பூச்சி?" என்றாள். அவர் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அந்த வீட்டில் அன்றைக்கு யாரும் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நேராக அலமாரியைத் திறந்தாள். தட்டுகளைக் கொட்டிவிட்டுக் கலைவாணி மேடத்திடம் போய் உண்மையைச் சொல்லிவிடுவதாக முடிவு செய்திருந்தாள். கோபத்தில் முதலில் எடுத்தது அப்பாவின் எண் போட்ட தட்டு.

"பார்த்துட்டுக் கொட்டு" என்றாள் ஷர்மிளா. "மெஷினுக்காக அவ்ளோ நாள் காத்துக் கிடந்தோமே. ஒரு தடவை கண்ணாலயாவது பார்த்துடலாம்."

பார்த்தாள். பார்த்தவள் கண்ணை எடுக்கவில்லை.

புற்றுச் செல்களைச் சுற்றி அப்பாவின் செல்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. பந்தியில் இலை விழுந்ததும் இடம் பிடிக்கிற கூட்டம் தோற்றுப்போகும். பல புற்றுச் செல்கள் சுருங்கி உடைந்து கிடந்தன. அடுத்த தட்டு. அதிலும் அப்படியே. ஷர்மிளாவின் தட்டை எடுத்தாள். அங்கே செல்கள் ஏதோ வந்தோம், பார்த்தோம் என்று இருந்தன. மறுபடி குவார்ட்டர்ஸ் தட்டு. அடிதடி. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனவள் ஒரு தட்டில் நின்றாள். அதில் ஈசினோஃபில்கள் கணக்கில்லாமல் இருந்தன, ஆனால் ஒன்றுகூட அசைந்து கொடுத்த மாதிரித் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர்கள்போல ஆளுக்கொரு பக்கம் கிடந்தன. அப்படிச் சோம்பிக் கிடந்த தட்டுகள் மொத்தம் ஐந்து.

எண்களைச் சரிபார்த்தார்கள். திங்கட்கிழமை யாருக்குப் புழு முட்டை இருந்ததோ, அதே ஐந்து பேர்.

"புழு இருக்கிறவங்க செல்லுதான் தூங்குது" என்றாள் ஷர்மிளா மெதுவாக. "புழு போனவங்களுது முழிச்சிருக்கு."

ஜெயப்பிரியாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. உடம்புக்குள் வருஷக்கணக்காகக் குடியிருக்கும் புழு சும்மாவா இருக்கும்? தன்னைத் தொடாதபடி அந்தச் செல்களைத் தாலாட்டித் தூங்க வைக்கும். புழுக்கள் அப்படிச் செய்யும் என்று அவளே எத்தனையோ தடவை வகுப்பில் சொல்லியிருக்கிறாள். மாத்திரை புழுவை விரட்டியது, தாலாட்டு நின்றது, புழுவுக்காகத் திரண்ட படை கலையாமல், விழித்துக்கொண்டு, எதிரே நின்ற புற்றுச் செல்லின்மேல் பாய்ந்தது.

அப்படியானால் எலிகள்? அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். எலியின் புழு பத்து நாளில் தானே போய்விடுகிறதே! அதற்குப் பிறகுதானே அவள் கட்டியை அளந்தாள்! ஐந்து வருஷமாக அவள் பார்த்ததெல்லாம் புழு உள்ள எலிகளை அல்ல, புழு போன எலிகளை. உண்மை அவள் மூக்குக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தது. பூபாலன் மாத்திரைப் பையோடு கிளம்பியிருக்காவிட்டால் புழு உள்ள ரத்தத்தை எடுத்து, எல்லாத் தட்டும் தூங்குவதைப் பார்த்து, கடையை மூடியிருப்பாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானதைக் கேட்டிருக்கிறோம். அவள் அப்பா குரங்கு பிடித்த இடத்தில் பிள்ளையார் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

கலைவாணி மேடம் மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சந்தோஷப்படுவது அப்படித்தான்.

"மாத்திரைய முன்னாடியே குடுக்கலாம்னு யாரோட யோசனை?"

"எங்க அப்பாவோடது மேடம். ஆனா அவருக்கே தெரியாது."

முழுக்கதையையும் கேட்டுவிட்டு மேடம் வாய்விட்டுச் சிரித்ததை அந்தத் துறையில் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள். சிரித்து முடித்ததும் பழைய மேடமாகிவிட்டார். "மூடுற பேச்சு இப்போ இல்ல. ஆனா இது போதாது. தூங்குற அந்த அஞ்சு பேர் இருக்காங்களே, அவங்களுக்கு மாத்திரை குடுத்துப் புழு போனப்புறம் மறுபடி ரத்தம் எடு. அதே ஆளோட செல் முழிச்சுக்கிட்டா யாரும் மறுத்துப் பேச முடியாது. அந்த அஞ்சு பேரை விட்டுடாதே."

ஐந்து பேர் யார் என்று பெயர்களை எடுத்துப் பார்த்தாள். துலுக்கானமும் அவரோடு மாலையில் கேரம் ஆடும் நான்கு பேரும். ஜெயப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவுக்குப் போன் செய்தாள். அவர் எடுக்கவில்லை. அம்மாவுக்குச் செய்தாள். "காலைல லீவு சொல்லிட்டு வெளிய போனவருதான். சோறுகூடத் துண்ணல. நீ வந்து பாரு" என்றாள் சுசீலா. குரலில் கவலை இருந்தது.

நேற்று அவ்வளவு கடுமையாகப் பேசியிருக்க வேண்டாம். மாத்திரை அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். பருத்திப்பட்டு ஏரியின்மேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வழக்கமாக அங்கே வேகத்தைக் குறைத்துத் தண்ணீரைப் பார்ப்பாள். அன்றைக்குப் பார்க்கவில்லை.

வீட்டில் அப்பா இல்லை. பின்பக்கம் சத்தம் கேட்டது. சந்து வழியாக ஓடிப்போய் எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கீரைப் பாத்தியில் மோட்டார் தண்ணீரைத் திறந்து விட்டிருந்தார்கள். அந்தச் சேற்றில் பூபாலன் பேன்ட்டை முழங்காலுக்குமேல் மடித்துவிட்டுக்கொண்டு வெறுங்காலோடு முன்னால் நடந்தார். அவருக்குப் பின்னால் லுங்கியைத் தூக்கிக் கட்டியவர்களும், சேலையைச் செருகியவர்களுமாக ஞாயிற்றுக்கிழமை ரத்தம் கொடுத்த சனம் வரிசையாக நடந்தது. "நல்லா அழுத்தி மிதி" என்று அவர் திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து வீடு வீடாகப் போய்க் கூட்டிவந்திருக்கிறார்.

"நைனா! இன்னா இது?"

பூபாலன் அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். "பூச்சி எந்த வழியா வந்துச்சோ அந்த வழியாவே திரும்பி ஏத்திக்கலாம்னுதான் கண்ணு. ஒரு பதினஞ்சு நாள் டைம் கேளு உங்க மேடத்தாண்ட. எல்லாரையும் பழையபடி ரெடி பண்ணிக் குட்த்துடறேன். உன் வேல நிக்கக் கூடாதும்மா."

ஜெயப்பிரியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து எது முந்துவது என்று தெரியாமல் முட்டிக்கொண்டன. சேற்றில் நின்ற அந்த மனிதரைப்போல உலகத்தில் வேறு யாரும் தன்னை நேசிக்கப் போவதில்லை என்று அவளுக்கு அந்த நிமிஷம் தெரிந்தது. அவர் மனசை நேற்று நோகடித்துவிட்டோமே என்று வலித்தது.

"மேல ஏறுங்க எல்லாரும்! ஏறுங்க மொதல்ல!" என்று கத்தினாள். "வேல நிக்கல நைனா! நீ குடுத்த மாத்திரையாலதான் வேலையே நடந்துச்சு!"

கரையில் நின்றபடியே அவர்களுக்குச் சொன்னாள். புழு உள்ளே இருந்துகொண்டு செல்களைத் தூங்க வைத்ததையும், அது போனதும் செல்கள் விழித்துக்கொண்டதையும், கண்ணாடித் தட்டில் புற்றுச் செல்லை அவை புரட்டி எடுத்ததையும் சொன்னாள். "மொதல்ல பார்த்தது உன்னுதுதான் நைனா. என்னா அடி அடிக்குது தெரியுமா!"

பூபாலன் தன் கையைத் திருப்பி, ஊசி போட்ட இடத்தைப் பார்த்துக்கொண்டார். "என்னுதா?" என்றார். கண் கலங்கிவிட்டது. "அப்ப கேன்சருக்கு மருந்து?"

"இன்னும் ரொம்ப தூரம் இருக்கு நைனா. இது தட்டுலதான். ஆனா வழி தெரிஞ்சிடுச்சு."

"வழி தெரிஞ்சாப் போதும்மா. ஊடு போய்ச் சேந்துடலாம்."

அப்போதுதான் அவள் மோட்டார் கொட்டகைப் பக்கம் பார்த்தாள். அங்கே துலுக்கானமும் கேரம் கோஷ்டியும் செருப்புக்கூடக் கழற்றாமல் குந்தி, வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க மட்டும் ஏன் மாமா நடக்கல?"

"எங்களுக்கு இன்னாத்துக்குப் பாப்பா அந்தப் பேஜாரு?" என்றார் துலுக்கானம் பெருமையாக. "எங்க பூச்சி எங்களாண்டயே கீது."

பூபாலன் திரும்பினார். "டேய், என் கண்ணு முன்னாடிதானேடா முழுங்கின?"

"முழுங்கினா மாரி வாய மூடினேன் அண்ணாத்தே. மாத்திரை போட்டா அன்னிக்கிச் சரக்கு தொடக் கூடாதுன்னு நீதான் சொன்ன. அன்னிக்கினு பாத்து நம்ப செட்டுல ஒர்த்தன் பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். இன்னா செய்றது? நாக்குக்கு அடில வெச்சிகினு, நீ அடுத்த ஊட்டுக்குப் போனதும் வந்து உன் ஊட்டுத் துளசித் தொட்டில துப்பிட்டோம்."

"என் துளசியிலயா!" என்று சுசீலா துடைப்பத்தைத் தேடினாள்.

ஜெயப்பிரியா போய்த் துலுக்கானத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "மாமா, நீங்க துப்பினதாலதான் எனக்கு வித்தியாசமே தெரிஞ்சுது. நல்லா இருங்க." துலுக்கானத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். "இப்போ நெஜமாவே போடணும். பதினஞ்சு நாள் கழிச்சு மறுபடி ரத்தம். நிச்சயதார்த்தம் எதுவும் இல்லையே?"

ஐந்து பேரும் கொட்டகைச் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். பூபாலன் சேற்றுக்காலோடு அவர்கள் எதிரே வந்து நின்றார். காலையிலிருந்து தொங்கியிருந்த தோள் நிமிர்ந்திருந்தது. போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டார்.

"மெல்லு. தண்ணி குடி. வாயத் தொற. நாக்கத் தூக்கு." துலுக்கானத்தின் வாய்க்குள் மூலை முடுக்கெல்லாம் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "ஓகே. அடுத்தது."

ஐந்தாவது ஆளையும் பார்த்து முடித்துவிட்டு, கையெழுத்துப் போட இடம் தேடுகிறவர்போல மகளைப் பார்த்தார். ஜெயப்பிரியா அவருடைய செருப்பைக் கரையிலிருந்து எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"மொதல்ல குழாய்ல கால் கழுவிட்டு இதைப் போடு நைனா. உன் ரிசல்ட் முடிஞ்சுபோச்சு. இன்னொரு தடவ உன்னை ரீவொர்க் பண்ண என்னால ஆவாது."

பூபாலன் சொன்னபடி கேட்டார். பின்னால் சேற்றோடு நின்ற சனமும் காலைக் கழுவக் குழாயடியில் வரிசையில் நின்றது. சுசீலா எல்லோருக்கும் டீ போட உள்ளே போனாள்.